கச்சேரிக் கணக்கும் கடைக் கணக்கும்
அம்பாறை மாவட்டம் வியாபாரிக்குச் சொல்லும் பாடம்

நம் வியாபாரிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. புறக்கோட்டையில் இன்று பருப்பு என்ன விலை, சீனி என்ன விலை, அடுத்த வாரம் ஏறுமா இறங்குமா என்று கேட்டால் கொப்பியைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால் தமது கடையைச் சுற்றி ஐந்து மைலுக்குள் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் எந்தப் பிரதேச செயலகத்துக்கு உரியவர்கள், அந்த இடத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது எந்தச் சபை என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. "அதெல்லாம் கச்சேரிக்காரர் விஷயம், நமக்கென்ன?" என்பார்கள்.

நமக்குத்தான் முதலில் வேண்டும். வாங்குபவன் எங்கே இருக்கிறான், எத்தனை பேர் இருக்கிறான், அவன் கையில் எப்போது பணம் புழங்கும் என்பதைத் தெரியாமல் கடை திறப்பது, ஆழம் பாராமல் ஆற்றில் இறங்குவதற்குச் சமம். இதனை விளக்க அம்பாறை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். நமது வர்த்தகர்களில் பெருந்தொகையினர் வாழும் மாவட்டம் என்பதால் மட்டுமல்ல, கிராமங்களால் ஆன ஒரு மாவட்டம் எப்படி ஆளப்படுகிறது, எப்படி எண்ணப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஒரு மாவட்டம், மூன்று நிலங்கள்

அம்பாறை மாவட்டம் 1961 ஏப்ரலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. தேர்தல் காலத்தில் இதே மாவட்டம் திகாமடுல்ல என்ற பெயரில் வரும். பரப்பளவு சுமார் 4,415 சதுர கிலோமீற்றர். வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கி தெற்கே பாணமை, குமனை வரை கரையோரம் நீள்கிறது. மேற்கே மஹாஓயா, பதியத்தலாவை, தெஹியத்தகண்டிய என்று மலையடிவாரத்துக்கும் மகாவலிக் கரைக்கும் போய் நிற்கிறது.

வரைபடத்தில் ஒரே நிறத்தில் காட்டப்பட்டாலும் இது மூன்று நிலம். முதலாவது, கரையோரப் பட்டி. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று பிரதான வீதியை ஒட்டி ஊரோடு ஊர் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. சில இடங்களில் ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றது எங்கே தொடங்கியது என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, கல்லோயாத் திட்ட நிலம். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைக்கப்பட்டு, சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்ட பின்னர் அம்பாறை, உகன, தமன, மத்திய முகாம் பக்கங்களில் குடியேற்றங்கள் எழுந்தன. இலக்கமிட்ட கொலனிகள் அப்போது பிறந்தவை. இங்கே வீடுகள் நெருங்கி இருப்பதில்லை. வாய்க்காலும் வயலும் இடையில் வரும்.

மூன்றாவது, மேற்கு எல்லை. தெஹியத்தகண்டிய மகாவலி அபிவிருத்தியோடு வளர்ந்த பிரதேசம். மஹாஓயாவும் பதியத்தலாவையும் பழைய பிந்தனைப் பகுதி. கல்முனையிலுள்ள ஒருவருக்குத் தெஹியத்தகண்டிய ஒரே மாவட்டம்தான். ஆனால் போய்வர நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். மட்டக்களப்பு நகரம் அவருக்கு அதைவிட மிகக் கிட்ட.

ஆகவே "அம்பாறை மாவட்ட விநியோகஸ்தர்" என்று ஒரு கம்பனியிடம் ஏஜன்சி எடுக்கும் நம் தம்பிமார், முதலில் இந்த மூன்று நிலத்தையும் வேறு வேறாகக் கணக்குப் போட வேண்டும். கரையோரத்தில் ஒரு லொறி ஒரு நாளில் ஐம்பது கடைக்குச் சரக்கு இறக்கலாம். மேற்கே அதே லொறி அதே டீசலுக்குப் பதினைந்து கடையைத் தாண்டாது.

தலைக்கணக்கு

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. பெரும்பாலும் பத்து வருடத்துக்கு ஒரு தடவை நடந்துவந்த இந்தக் கணக்கு, 1981இன் பின்னர் யுத்தம் காரணமாக 2001 வரை நடக்கவில்லை. 2001இலும் வடக்கு கிழக்கின் எட்டு மாவட்டங்களில் ஏழில் முழுமையாக எண்ண முடியாமல் போனது. முழுமையாக எண்ணப்பட்ட ஒரேயொரு மாவட்டம் அம்பாறை. ஆகையால் வடக்கு கிழக்கில் தொடர்ச்சியான சனத்தொகைக் கணக்கு வைத்துக்கொண்டு பேசக்கூடிய மாவட்டம் இதுதான்.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? 1981இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 89 ஆயிரம் பேர். 2001இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 93 ஆயிரம். 2012இல் ஏறத்தாழ 6 இலட்சத்து 49 ஆயிரம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7 இலட்சத்தை நன்றாகத் தாண்டிவிட்டது. 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 பேர், சிங்களவர் 39 பேர், தமிழர் 17 பேர்.

இதிலே வியாபாரி கவனிக்க வேண்டியது இரண்டு விடயம். ஒன்று, தொகை கூடுகிறது, ஆனால் கூடும் வேகம் குறைகிறது. 1981க்கும் 2001க்கும் இடையில் மாவட்டத்தின் சனத்தொகை ஒன்றரை மடங்கானது. அந்தப் பாய்ச்சல் இனி இல்லை. நாடு முழுவதும் இதே கதைதான். 2012க்கும் 2024க்கும் இடையில் நாட்டின் வருடாந்த வளர்ச்சி நூற்றுக்கு அரை அளவுக்கு இறங்கியுள்ளது. "சனம் பெருகுது, கடை எப்படியும் ஓடும்" என்று வாப்பா காலத்தில் சொன்னது அப்போது சரி. இனி வரும் வாடிக்கையாளர் புதிதாகப் பிறந்து வருபவர் அல்ல. பக்கத்துக் கடையிலிருந்து வருபவர். சேவையும் தரமும் இல்லாதவன் கடையை மூட வேண்டியதுதான்.

இரண்டாவது, அடர்த்தி. சம்மாந்துறைப் பிரதேச செயலகப் பிரிவில் 2012இலேயே ஏறத்தாழ 60 ஆயிரம் பேர். மாவட்டத்தின் மிகப் பரந்த பிரிவுகளில் ஒன்றான லஹுகலையில் 10 ஆயிரம் பேர்கூட இல்லை. சில சதுர கிலோமீற்றரே கொண்ட சாய்ந்தமருதில் 25 ஆயிரம் பேருக்கு மேல். புடவைக் கடை, நகைக் கடை, கைத்தொலைபேசிக் கடை எல்லாம் சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் ஒரே வீதியில் வரிசை கட்டி நிற்பதற்கு இதுவே காரணம். ஆனால் அந்த வரிசையில் நாற்பத்தோராவது புடவைக் கடையாகப் போய்ச் சேர்வது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி.

'கிராமம்' என்ற சொல்லின் மயக்கம்

அரசாங்கப் புள்ளிவிபரத்தில் நம்மவர்களை ஏமாற்றும் ஒரு சொல் இருக்கிறது. அது 'கிராமம்'. நமது நாட்டில் மாநகர சபைக்கும் நகர சபைக்கும் உட்பட்ட இடம் மட்டுமே நகரம் என்று எண்ணப்படுகிறது. தோட்டப் பகுதிகளை விட்டால், பிரதேச சபைக்கு உட்பட்டது எல்லாம் கிராமம். முன்னர் பட்டின சபைகள் இருந்த காலத்தில் அவையும் நகரக் கணக்கில் வந்தன. பட்டின சபைகள் போய், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைகள் வந்த பிறகு அந்தச் சிறு பட்டினங்கள் எல்லாம் ஒரே இரவில் காகிதத்தில் கிராமமாகிவிட்டன.

அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய இரண்டு மாநகர சபைகளும், அம்பாறை நகர சபையும், 17 பிரதேச சபைகளும் உள்ளன. அப்படியென்றால் வங்கிக் கிளைகளும், அரிசி ஆலைகளும், பஸ் தரிப்பிடமும், இரவு பத்து மணி வரை வெளிச்சமும் உள்ள சம்மாந்துறை, நிந்தவூர், பொத்துவில் எல்லாம் புத்தகக் கணக்கில் கிராமம்! கொழும்பிலுள்ள கம்பனியொன்று இந்தப் புத்தகத்தை மட்டும் பார்த்து, "கிராமப் பகுதி, வாங்கும் சக்தி குறைவு" என்று முடிவெடுத்தால் அது கம்பனிக்கு நட்டம். அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும் உள்ளூர் வியாபாரிக்கு இலாபம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அக்கரைப்பற்றில் மாநகர சபை இருக்கிறது, பிரதேச சபையும் தனியாக இருக்கிறது. உங்கள் கடை இருக்கும் வளவு எந்தச் சபைக்குரியது என்று தெரியாமல் ஒரு சபையில் பணம் கட்டிவிட்டு, மற்றச் சபையின் அறிவித்தலை வாங்கிக்கொண்டு அலைபவர்கள் இருக்கிறார்கள். கடைக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன்னரே எல்லையைக் கேட்டு அறிய வேண்டும்.

விதானையார் முதல் பிரதேச செயலாளர் வரை

நமது ஊர்களில் கிராம உத்தியோகத்தரை இன்றும் வயதானவர்கள் 'விதானையார்' என்றே அழைப்பார்கள். கிராமத் தலைமைக்காரர் முறை 1963இல் நீக்கப்பட்டு கிராம சேவகர் பதவி வந்தது. பெயர் பல தடவை மாறினாலும் மனிதர் செய்யும் வேலை ஊருக்குத் தெரியும். வதிவிட அத்தாட்சி, வாக்காளர் பதிவு, வெள்ள நிவாரணப் பட்டியல், சண்டை சச்சரவு எல்லாம் முதலில் அவரிடம்.

அவருக்கு மேலே பிரதேச செயலாளர். பழைய டீஆர்ஓ, பின்னர் உதவி அரசாங்க அதிபர், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பிரதேச செயலாளர். அவருக்கு மேலே கச்சேரி என்று நாம் சொல்லும் மாவட்டச் செயலகமும் அரசாங்க அதிபரும். அம்பாறை மாவட்டத்தில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தையும் சேர்த்து எண்ணினால் 20 பிரிவுகள். அவற்றின் கீழே 500க்கு மேற்பட்ட கிராம உத்தியோகத்தர் பிரிவுகள்.

கணக்குப் பாருங்கள். 7 இலட்சம் பேரை 500ஆல் பிரித்தால் ஒரு பிரிவுக்குச் சராசரி 1,400 பேர். ஏறத்தாழ 350 முதல் 400 குடும்பம். இதுதான் கிராம வியாபாரத்தின் அடிப்படை அலகு. ஒரு குடும்பம் மாதம் 20,000 ரூபாவுக்குப் பலசரக்கு வாங்குகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 400 குடும்பத்துக்கு 80 இலட்சம் ரூபா. அதில் பாதி பட்டினத்துச் சந்தைக்கும் பெரிய சுப்பர் மார்க்கட்டுக்கும் போய்விடும். மிச்சம் 40 இலட்சம். அந்தப் பிரிவில் ஏற்கனவே ஏழு கடை இருந்து நீங்கள் எட்டாவது கடை திறந்தால் ஆளுக்கு 5 இலட்சம். நூற்றுக்கு 8 ரூபா இலாபம் என்றால் 40,000 ரூபா. இதில்தான் வாடகை, மின்சாரம், வேலையாள் சம்பளம், திரும்பாத கடன் எல்லாம். மிஞ்சுவது என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கணக்கைக் கடை திறக்கும் முன் போட்டவர் எத்தனை பேர்? குடும்ப எண்ணிக்கை ஒன்றும் இரகசியம் அல்ல. பிரதேச செயலகங்கள் தயாரிக்கும் வளத்திரட்டிலும், மாவட்டப் புள்ளிவிபரக் கைநூலிலும், தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளிலும் கிராம உத்தியோகத்தர் பிரிவு வரை இந்த விபரங்கள் இருக்கின்றன. ஓர் அரை நாள் செலவழித்தால் போதும்.

இரண்டு அலுவலகம், இரண்டு வேலை

பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்பவர்கள் நம்மில் பலர். இரண்டும் வேறு. பிரதேச செயலகம் அரசாங்க உத்தியோகத்தர்களின் நிர்வாகம். பிரதேச சபை நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை.

வியாபாரப் பெயரைப் பதிவு செய்வது, கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியில் மேலொப்பம் பெறுவது, அரச காணி சம்பந்தமான விடயங்கள் எல்லாம் பிரதேச செயலகத்தில். தராசு, படி, மீற்றர் கோல்களுக்கு முத்திரை இடுவது அளவீட்டு அலகுகள் திணைக்கள உத்தியோகத்தரின் வேலை.

வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம், சோலை வரி, கட்டட அனுமதி, பொதுச் சந்தைக் கடை, வாராந்தச் சந்தைக் குத்தகை, இறைச்சிக் கடைக் குத்தகை, குப்பை, வடிகான், தெரு விளக்கு எல்லாம் பிரதேச சபை அல்லது நகர, மாநகர சபை. சாப்பாட்டுக் கடை, பேக்கரி என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் சிபாரிசும் வேண்டும். சில தொழில்களுக்குச் சுற்றாடல் அனுமதிப்பத்திரமும் தேவை. விலை காட்சிப்படுத்தாமை, காலாவதியான பொருள் ஆகியவற்றுக்கு வந்து பிடிப்பவர்கள் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையினர். அவர்கள் சபையின் ஆட்களும் அல்ல, செயலகத்தின் ஆட்களும் அல்ல.

பிரதேச சபைகளின் வர்த்தமானி அறிவித்தல்களில் நெடுங்காலம் காணப்பட்ட உச்ச அனுமதிக் கட்டணம் 1,000 ரூபா. ஒரு நாள் தேநீர்ச் செலவுக்குக் கூடக் காணாத இந்தக் காசைக் கட்டாமல் விட்டுவிட்டு, பிறகு வழக்கு, தண்டம், சட்டத்தரணி என்று அலைவது எந்த ஊர் நியாயம்? சோலை வரியிலும் ஒரு சலுகை உண்டு. வருடத்துக்கான முழுத் தொகையையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்கு 10 கழிவு. வங்கியில் வைப்புப் போட்டு வட்டிக்குக் காத்திருப்பவர்கள் கூட இந்தக் கழிவை மறந்துவிடுகிறார்கள்.

இந்த அனுமதிப்பத்திரம் வெறும் கடதாசி அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். கரையோரக் கடைகள் சரக்கோடு போயின. அதன் பின் 2005இல் பாதிக்கப்பட்ட தொழில்முயற்சியாளர்களுக்காக மத்திய வங்கி 'சுசஹன' என்ற கடன் திட்டத்தைக் கொண்டுவந்தது. வங்கிக்குப் போனவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "வியாபாரம் பதிவு செய்திருக்கிறீர்களா?" என்பதே. இருபது வருடம் நாணயமாக வியாபாரம் செய்தவர்களில் எத்தனையோ பேர், தாம் வியாபாரி என்று நிரூபிக்க ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் நின்றார்கள். கடல் கொண்டுபோன பத்திரத்துக்குப் பிரதி எடுக்கலாம். ஒருபோதும் எடுக்காத பத்திரத்துக்கு எங்கே பிரதி எடுப்பது?

கடனும் காணியும்

கிராமத்து வியாபாரத்தில் கடன் இல்லாமல் முடியாது. உரம், கிருமிநாசினி, சீமெந்து, தகடு என்று விதைப்புக் காலத்தில் கொடுத்து, வேளாண்மை வெட்டியதும் வாங்குவது பரம்பரையாக வரும் முறை. தொகை பெரிதானால் சிலர் காணிப் பத்திரத்தை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் ஆபத்து.

கரையோர ஊரொன்றைச் சேர்ந்த ஹார்ட்வெயார் முதலாளி ஒருவர் குடியேற்றக் கிராமமொன்றில் கிளை திறந்தார். மூன்று வாடிக்கையாளரிடம் காணிப் பத்திரம் வாங்கிக்கொண்டு கை நிறையக் கடன் கொடுத்தார். போகம் பிழைத்தது. பணம் வரவில்லை. பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனபோதுதான் தெரிந்தது, மூன்றும் பேர்மிட் காணி.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. மகாவலிப் பிரதேசத்தில் காணி விடயத்தைப் பார்ப்பது மகாவலி அதிகாரசபை. கரையோரத்தில் பெரும்பாலும் உறுதிக் காணி. பொத்துவில், லஹுகலைப் பக்கம் வன இலாகா, வனஜீவராசிகள் திணைக்கள எல்லைப் பிரச்சினைகள் வேறு. அதாவது ஒரே மாவட்டத்தில் மூன்று நான்கு காணி நிர்வாகம். கையிலிருக்கும் பத்திரம் எந்த வகை என்று தெரியாதவர் அதை நம்பி ஒரு மூடை சீமெந்துகூடக் கொடுக்கக் கூடாது. காணியை நம்புவதைவிட ஆளை விசாரிப்பது மேல். அவரது வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானையாரிடம் கேட்டால், எத்தனை ஏக்கர் செய்கிறார், சொந்தமா குத்தகையா, போன போகம் என்ன விளைந்தது என்று சரியாகச் சொல்லிவிடுவார்.

பணம் வரும் காலம்

நாட்டின் முன்னணி நெல் மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. இங்கே வியாபாரத்தின் நாட்காட்டி ஜனவரியில் தொடங்குவதில்லை. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில். சிறுபோக அறுவடை ஓகஸ்ட், செப்டெம்பரில். அந்த இரண்டு காலத்திலும் கலியாணம், வீட்டு வேலை, மோட்டார் சைக்கிள், தங்கம் எல்லாம் நடக்கும். இடைப்பட்ட மாதங்களில் கடன் கொப்பிதான் நடக்கும்.

கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை நகரம் போன்ற உத்தியோகத்தர் நிறைந்த இடங்களில் மாதச் சம்பளம் வரும் இருபத்தைந்தாம் திகதியை ஒட்டி விற்பனை கூடும். கரைவலை, தோணி ஊர்களில் கடல் கொடுத்த நாளில்தான் காசு. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளுக்கு வேறொரு கணக்கு. வறிய குடும்பங்களுக்குச் சமுர்த்திக் கொடுப்பனவு இருந்த இடத்தில் 2023 முதல் அஸ்வெசும வந்துள்ளது. அது நேராக வங்கிக் கணக்குக்குப் போவதால் வங்கிக்குப் பக்கத்துக் கடைகளில் அன்றைக்குச் சனம்.

வயலை நம்பிய மாவட்டத்தில் மேலே எடுக்கப்படும் ஒரு தீர்மானம் கீழே எப்படி இறங்கும் என்பதற்கு 2021 நல்ல சாட்சி. அந்த வருடம் மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் நாடெங்கும் விளைச்சல் பெருமளவு வீழ்ந்தது. உரக் கடைக்காரருக்கு மட்டுமா அடி? புடவைக் கடையில் மூடிய துணி மூடியபடி இருந்தது. நகைக் கடையில் வாங்க வந்தவரைவிட விற்க வந்தவர் அதிகம். வயலில் ஒரு ஏக்கர்கூட இல்லாத வியாபாரியும் அந்த மாவட்டத்தில் ஒருவகையில் கமக்காரன்தான் என்பதை அந்த வருடம் எல்லோருக்கும் உணர்த்தியது.

எண்ணிக்கையும் வதந்தியும்

சனத்தொகைக் கணக்கு தெரியாமல் இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெற்றிடத்தில் வதந்தி புகுந்துகொள்ளும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுத்ததாகக் கிளப்பப்பட்ட கதையால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாத்திரை அல்ல, மாக்கட்டி. ஆனால் உண்மை வெளிவருவதற்குள் எரிந்தது எரிந்துவிட்டது.

"ஓர் இனம் மற்றதை விழுங்கப் போகிறது" என்ற பயம்தான் அந்தக் கதையின் வேர். கணக்கைத் திறந்து பார்த்தால் வளர்ச்சி வேகம் நாடளாவிய ரீதியிலேயே குறைந்துவருகிறது என்பது தெரியும். உகனையில் நெல் விளைய, அக்கரைப்பற்று வியாபாரி வாங்க, சம்மாந்துறை ஆலையில் குற்ற, திருக்கோவில் கடையில் விற்கப்படும் மாவட்டம் இது. மூன்று சமூகமும் ஒருவர் கைக்கு ஒருவர் சரக்கை மாற்றாமல் ஒரு நாளும் போகாது. ஆகவே தமனையிலோ உகனையிலோ வியாபாரம் செய்பவர் சிங்களம் சரளமாகப் பேசவும், அந்த ஊர் விதானையாரையும் விகாராதிபதியையும் கமக்கார அமைப்பையும் முகம் தெரிந்து வைத்திருக்கவும் வேண்டும். இது மரியாதைக்கு மட்டுமல்ல, கடைக்கும் காப்பு.

நாம் செய்யக்கூடியது

பிரதேச சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, இரண்டு வருடத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் உத்தியோகத்தர்களால் நடத்தப்பட்டன. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து சபைகள் மீண்டும் கூடின. சந்தைக் கடைக்கு யாருக்கு எந்த விலையில் குத்தகை கொடுப்பது, எந்த வடிகானை முதலில் திருத்துவது, பஸ் தரிப்பிடத்தை எங்கே வைப்பது என்பதெல்லாம் இந்தச் சபைகளில் கை உயர்த்தித் தீர்மானிக்கப்படும் விடயங்கள். தேர்தல் காலத்தில் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கும் நம் வர்த்தகர்கள், தேர்தல் முடிந்த பிறகு ஒரு வரவு செலவுத் திட்டத்தையாவது வாங்கிப் பார்ப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தச் சபையிடமும் எழுத்தில் கேட்கலாம். சந்தைக் கடைக் குத்தகை எவ்வளவு, சென்ற வருடம் வியாபாரிகளிடம் அறவிட்ட வரி எவ்வளவு, அதில் சந்தைக்குச் செலவிட்டது எவ்வளவு என்று கேட்க ஒரு தாள் போதும். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். தனியாகக் கேட்கத் தயங்குபவர்கள் ஊர் வர்த்தக சங்கத்தின் பெயரில் கேட்கலாம். சங்கம் என்பது நோன்பு காலத்தில் கடை மூடும் நேரத்தைத் தீர்மானிப்பதற்கு மட்டும் இருக்கக் கூடாது.

வர்த்தக அன்பர்களே, பெரிய செலவு எதுவும் தேவையில்லை. உங்கள் கடையின் சுற்றுவட்டத்திலுள்ள கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் பெயரையும் குடும்பத் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே அங்கே பிரதானத் தொழில் என்ன, பணம் வரும் மாதம் எது, ஏற்கனவே உள்ள கடை எத்தனை, காணி எந்த வகை என்று குறியுங்கள். வியாபாரப் பதிவு, அனுமதிப்பத்திரம், சோலை வரிப் பற்றுச்சீட்டு, தராசு முத்திரை ஆகியவற்றின் பிரதிகளைக் கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். மகன் கடைக்கு வரத் தொடங்கும்போது சரக்கு விலையோடு இந்தக் கொப்பியையும் அவன் கையில் கொடுங்கள்.

விலை நாளைக்கு மாறும், சரக்கும் மாறும். வாங்கும் சனம் எங்கே இருக்கிறது, எந்த அலுவலகம் எந்தக் கதவைத் திறக்கிறது என்பதைத் தெரிந்தவனுக்கு எந்த மாற்றத்திலும் நிற்க ஓர் இடம் இருக்கும். கச்சேரிக்காரருக்கு இந்தக் கணக்கு ஓர் அறிக்கை. நமக்கோ அது முதல்.